அனுதின மன்னா: தமிழ்க் கிறித்தவத் தினதியானத்தில் ‘நாள்’ என்னும் அளவு

ஆய்வுச் சுருக்கம்

வேதப்பகுதி, அதன்மேல் ஒரு சிறு சிந்தனை, ஒரு செபம் என்னும் மூன்று உறுப்புகளைக் கொண்டது தினதியானம். தமிழ்க் கிறித்தவர் இல்லங்களில் மிகுதியாக வாசிக்கப்படும் உரைநடை வகைகளுள் இதுவும் ஒன்றாயினும், இலக்கியத் திறனாய்வு இதனைப் பொருட்படுத்தியது குறைவு. இவ்வகை தனக்குச் சூட்டிக்கொண்ட ‘மன்னா’ என்னும் உருவகத்தையே அளவுகோலாகக் கொண்டு அதனை மதிப்பிடுகிறது இக்கட்டுரை. சேமித்து வைக்க இயலாத உணவின் பெயரைத் தாங்கிய இவ்வகை, நடைமுறையில் சேமிப்புப் பொருளாக மாறிவருவதையும், அதனால் புலம்பல் என்னும் கூறு அதிலிருந்து நீங்கிவிடுவதையும் சதுரங்கப்பட்டினக் கடற்கரையை மையமாகக் கொண்டு இது விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தினதியானம், மன்னா, அன்றாடம், வாக்குத்தத்த வசனம், கையறுநிலை, சதுரங்கப்பட்டினம்.

முன்னுரை

ஓர் இலக்கிய வகை தனக்கு இட்டுக்கொள்ளும் பெயர் அதன் நோக்கத்தை அறிவிக்கிறது. அந்நோக்கத்திலிருந்து அது விலகும்போது சான்றாகவும் நிற்கிறது. 1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘அவர் டெய்லி பிரெட்’ என்னும் தினதியான இதழ் தமிழில் ‘நமது அனுதின மன்னா’ என வழங்குகிறது. மூலத்தில் உள்ளது அப்பம். தமிழில் வந்தமர்ந்தது மன்னா. அப்பம் மனிதர் சுட்டது. மறுநாளைக்கும் எடுத்து வைக்கத்தக்கது. மன்னாவோ வானிலிருந்து வந்ததாகக் கூறப்படுவது, மறுநாளைக்கு ஆகாதது. இப்பெயர் மாற்றத்தால் தினதியானத்தின்மீது ஒரு கடுமையான நிபந்தனை ஏறியுள்ளது. அந்நிபந்தனை நிறைவேறுகிறதா என்பதே இக்கட்டுரையின் வினா.

பேழை, காசோலை, மன்னா

தினதியான நூல்களின் வரலாற்றில் மூன்று உருவகங்கள் கருதத்தக்கவை. முதலாவது பேழை. கார்ல் ஹைன்ரிக் ஃபான் போகாட்ஸ்கி 1718இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட தியான நூல் ‘தேவபிள்ளைகளின் பொற்பேழை’ என்னும் பொருளுடைய தலைப்பைக் கொண்டது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கை உருவாக்கிய ஹாலே பக்தி இயக்கத்தின் சூழலைச் சார்ந்தவரே இவரும். இரண்டாவது காசோலை. ஆங்கிலப் போதகர் ஸ்பர்ஜன் 1888இல் வெளியிட்ட நூல், விசுவாசம் என்னும் வங்கியின் காசோலைப் புத்தகம் என்று தன்னை அழைத்துக்கொண்டது. மூன்றாவது மன்னா.

இம்மூன்றும் ஒன்றல்ல. பேழையில் உள்ளது முன்னரே சேர்த்து வைக்கப்பட்டது. வேண்டும்போது திறந்து எடுக்கலாம். காசோலையில் தொகை உறுதி. கொடுக்க வேண்டியவர் கொடுத்தே தீரவேண்டும். மன்னாவில் இவ்விரண்டும் இல்லை. யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தின்படி, தலைக்கு ஓர் ஓமர் அளவு அந்தந்த நாளுக்கே சேர்க்கப்பட வேண்டும். விடியுமட்டும் மீத்து வைத்தது புழுத்து நாறியது. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவுமில்லை. குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை. இச்செய்தியைப் பவுல் தம் இரண்டாம் கொரிந்தியர் மடலின் எட்டாம் அதிகாரத்தில், பொருளுள்ளோர் இல்லாதோர்க்குப் பகிர்வதற்கான சான்றாக எடுத்தாளுகிறார். ஆகவே மன்னா என்பது நாளின் அளவு மட்டுமன்று, சமன்மையின் அளவுமாகும்.

மன்னாவைச் சேமிப்பதற்கு அதே அதிகாரம் இரண்டு விலக்குகளை அளிக்கிறது. ஆறாம் நாளில் ஓய்வுநாளுக்கென்று இருமடங்கு சேர்க்கலாம். தலைமுறைகளின் நினைவுக்கென்று ஒரு கலசத்தில் வைக்கலாம். ஓய்வுக்கும் நினைவுக்கும் சேமிப்பு தகும். நாளையைப் பற்றிய அச்சத்தால் செய்யும் சேமிப்பே தகாது. பாமாலைகளும் விசுவாசப் பிரமாணமும் நினைவுக் கலசத்தைச் சார்ந்தவை. தினதியானம் அந்தந்த நாளில் சேர்க்கப்படுவதைச் சார்ந்தது. இவ்வேறுபாடே மதிப்பீட்டுக்கு அடிப்படை.

‘அன்றாட’ என்னும் சொல்

தினதியானத்தின் வேர், இயேசு கற்பித்த செபத்தில் உணவுக்காக வேண்டும் பகுதியில் உள்ளது. அங்கு உணவுக்கு அடையாக நிற்கும் ‘எபியூசியொஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் பொருள் தொன்றுதொட்டு விவாதத்துக்குரியது. இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் மத்தேயுவில் ஒரு சொல்லையும் லூக்காவில் வேறொரு சொல்லையும் இட்டார். தமிழிலும் இவ்விரு நிலை தொடர்கிறது. 1871இல் நிறைவுற்ற ஐக்கியத் திருப்புதல் ‘வேண்டிய’ என்று பெயர்த்து, லூக்காவில் ‘அன்றன்றும்’ என்பதைச் சேர்த்தது. கத்தோலிக்கர் சொல்லும் செபத்தில் ‘அன்றாட’ என்னும் சொல் நிலைபெற்றது.

‘வேண்டிய’ என்பது தேவையின் அளவு. ‘அன்றாட’ என்பது காலத்தின் அளவு. பின்னைய சொல்லுக்குத் தமிழில் ஒரு சமூகப் பொருளும் உண்டு. அன்றைய கூலியில் அன்றைய உலையை ஏற்றுபவரை ‘அன்றாடங்காய்ச்சி’ என்பது தமிழ் வழக்கு. ஆகவே அன்றாட உணவை வேண்டும் தமிழர், தம்மை அறியாமலே அன்றாடங்காய்ச்சியின் நிலையில் நின்று வேண்டுகிறார். பத்தாயம் நிறைந்தவருக்கும் இச்செபம் அந்நிலையையே அளிக்கிறது. செபத்தின் இக்கூர்மை தியானத்திலும் தொடர வேண்டும்.

தமிழ் அச்சுப் பக்தி நூல்களின் முதல் வாசகர்கள் இந்நிலைக்கு அயலானவர்கள் அல்லர். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 1586இல் வெளியான ‘அடியார் வரலாறு’ ஆகிய நூல்களை அன்றிக்கு அடிகளார் முத்துக்குளித்துறைக் கிறித்தவர்களுக்காக ஆக்கினார். அச்சுப் பணிக்குப் பரதவர் பொருளுதவி செய்தனர். புனிதர் வரலாறுகளைத் திருநாள்களோடு இணைக்கும் பின்னைய நூலைத் தமிழில் நாள்சார் பக்தி வாசிப்பின் முன்னோடியாகக் கொள்ளலாம். கடலை நம்பி ஒவ்வொரு நாளும் இறங்கியோரின் பொருளுதவியால் வளர்ந்தது அவ்வச்சுப்பணி என்பது நினையத்தக்கது.

சதுரங்கப்பட்டினக் கரை

சேமிப்பும் அன்றாடமும் அருகருகே நின்ற இடங்களுள் சதுரங்கப்பட்டினமும் ஒன்று. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்து துணி ஏற்றுமதி செய்தது. 1782 பிப்ரவரி 17இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இதன் கடற்பரப்பில் போரிட்டனர். 1824ஆம் ஆண்டின் உடன்படிக்கை இவ்வூரை ஆங்கிலேயர் வசமாக்கியது. கோட்டையில் இன்று எஞ்சியுள்ளவை மதிலும் பண்டகசாலைகளும் ஒல்லாந்து மொழியில் பொறிக்கப்பட்ட கல்லறைகளும். மதிலுக்கு வெளியே மீனவரின் வாழ்க்கை அன்றன்று கிடைக்கும் பாட்டை நம்பியிருந்தது. இன்றும் அவ்வாறே உள்ளது.

ஒல்லாந்துக் கம்பெனி தன் கப்பல்களிலும் கோட்டைகளிலும் வேதம் வாசிக்கவும் செபம் சொல்லவும் நோயாளர் தேற்றுநர் என்னும் ஊழியர்களை அமர்த்தியது. 1658இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த ஒல்லாந்துப் போதகர் பால்தேயஸ், மலபார், சோழமண்டலக் கரைகளைப் பற்றி 1672இல் வெளியிட்ட நூலில் இயேசு கற்பித்த செபத்தைத் தமிழில் அச்சிட்டார். அன்றாட உணவுக்கான வேண்டுதல், வணிகத்துக்கும் நாடுபிடித்தலுக்கும் பயன்பட்ட கரைகளின் வருணனையோடு ஒரே நூலில் இடம்பெற்றது. பண்டகசாலையும் மன்னாவும் ஒரே அட்டைக்குள் அமைந்த முரண் அது. இம்முரண் பிற்காலத் தினதியானத்திலும் வேறு வடிவில் தொடர்கிறது.

எரேமியா 29: பன்மையும் ஒருமையும்

புத்தாண்டுப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டை வழங்குவது தமிழ்த் திருச்சபைகள் பலவற்றின் வழக்கம். ஆண்டு முழுமைக்கும் ஒரு வசனம் கைக்கு வருகிறது. முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்குச் சேர்த்து வைக்கப்பட்ட மன்னா என்று இதனைச் சொல்லலாம். அட்டைகளிலும் தினதியானங்களிலும் அடிக்கடி இடம்பெறுவது எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். தீமைக்கல்ல, சமாதானத்துக்கே கடவுள் நினைவு கொண்டிருக்கிறார் என்பது அதன் கருத்து.

அதற்கு முந்திய வசனம் எழுபது ஆண்டுகள் கழியவேண்டும் என்கிறது. கடிதத்தைப் பெற்ற முதியோருள் பலர் அந்நிறைவைக் காணப்போவதில்லை. பாபிலோனில் வீடு கட்டவும், தோட்டம் நாட்டவும், சிறைப்படுத்திய நகரத்தின் சமாதானத்துக்காகவே செபிக்கவும் அதே கடிதம் பணிக்கிறது. அட்டையில் இவையொன்றும் இல்லை. எழுபது ஆண்டுப் பொறுமை ஓராண்டு உறுதியாகச் சுருங்குகிறது.

இச்சுருக்கத்துக்குத் தமிழின் இலக்கண நிலையும் இடந்தருகிறது. எரேமியா பேசுவது மக்கள் கூட்டத்தை நோக்கி. எபிரேயத்தில் அது தெளிவான பன்மை. தமிழ் மொழிபெயர்ப்பும் ‘உங்கள்’, ‘உங்களுக்கு’ என்றே வழங்குகிறது. ஆனால் இன்றைய தமிழில் இச்சொற்கள் ஒருவரை மதித்து விளிக்கவும் பயன்படுகின்றன. கூட்டத்துக்குச் சொல்லப்பட்டதை வாசகர் தமக்கே சொல்லப்பட்ட மதிப்புரையாக எடுத்துக்கொள்ள இயலுகிறது. பழைய திருப்புதலில் கடவுள் தனியொருவரை ‘நீ’ என்றே விளிக்கிறார் என்பதைக் கருதினால் இம்மயக்கம் நீங்கும்.

தமிழ்த் தன்மைப் பன்மையின் பாகுபாடு இதற்கு மாறான வழியைக் காட்டுகிறது. கடவுளை நோக்கிய செபம் ‘எங்களுக்கு’ என்கிறது. வாசகரை உளப்படுத்தும் தியானம் ‘நமது’ என்கிறது. நல்ல தினதியானம் ‘நாம்’ என்று சிந்தித்து ‘நாங்கள்’ என்று செபத்தில் முடிகிறது. இரண்டிலும் பக்கத்து வீட்டார் இருக்கின்றனர். அட்டை ‘உனக்கு’ என்று முடியும்போது அவர் வெளியேறிவிடுகிறார். மன்னாவின் சமன்மையும் அவரோடு வெளியேறுகிறது.

இவ்வழக்கத்துக்குச் சார்பான வாதமும் உண்டு. எழுத்தறிவு குறைந்தோர்க்கும் நோயுற்றோர்க்கும் மனத்தில் நிற்கும் ஒற்றை வசனம் பெருந்துணை. இதனை மறுப்பதற்கில்லை. அது நினைவுக் கலசத்தின் பணி. கலசத்தை அன்றாடக் கூடைக்கு மாற்றாக்குவதே குறை.

கையறுநிலை

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பின் மறுநாளான அன்று காலை, ஆழிப்பேரலை சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் உள்ளிட்ட கரையைத் தாக்கியது. தினதியானப் பக்கங்கள் முன்கூட்டியே எழுதி அச்சிடப்படுபவை. அந்நாளுக்குரிய பக்கம் அந்நாளை அறிந்திருக்க இயலாது. இது எழுதியோர் குறையன்று. இவ்வகையின் இயல்பான எல்லை. அவ்வெல்லைக்குள் வாசகருக்கு எது துணைநின்றது என்பதே வினா.

கத்தோலிக்க வாசக ஒழுங்கில் அன்று திருக்குடும்ப விழா. முதலாம் ஆண்டுச் சுழற்சிக்குரிய நற்செய்தி மத்தேயு இரண்டாம் அதிகாரம்: குழந்தையோடு எகிப்துக்குத் தப்பியோடிய குடும்பம். அப்பகுதி 13 முதல் 15 வரையும் 19 முதல் 23 வரையுமே வாசிக்கப்படும். இடையிலுள்ள மூன்று வசனங்கள், அதாவது ஏரோதின் குழந்தைக் கொலையும் பிள்ளைகளை இழந்து ஆறுதல் பெற மறுக்கும் ராகேலின் அழுகையும், அன்றைய வாசகத்தில் விடப்பட்டுள்ளன. தப்பியவர் கதை உண்டு. தப்பாதவர் கதை இல்லை.

ஆனால் இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் விழா. அதற்குரிய நற்செய்தி விடுபட்ட அந்த மூன்று வசனங்களையும் உள்ளடக்கியது. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த கரையெங்கும் ராகேலின் அழுகை நாட்காட்டியின்படியே வாசகமாக வந்தது. ஆறுதல் நாடி ஒரு வசனத்தைத் தேர்பவர் இதனைத் தேர்ந்திருக்கமாட்டார். தேர்வுக்கு இடமளிக்காத ஒழுங்கே இதனைக் கொண்டுவந்தது. அந்நாளுக்கு வேண்டியது அதுவே.

வேதம் புலம்பலுக்கு அஞ்சுவதில்லை. சங்கீதங்களுள் பெரும்பங்கு முறையீடுகள். 88ஆம் சங்கீதம் விடியலின்றி இருளிலேயே முடிகிறது. ‘புலம்பல்’ என்னும் பெயரிலேயே ஒரு நூல் உண்டு. தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. இறந்தோரைக் குறித்து எஞ்சியோர் வருந்தும் கையறுநிலையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் காஞ்சியின் துறைகளுள் ஒன்றாக வைக்கிறது. பாரியின் இறப்புக்குப் பின் கபிலர் பாடியவை அதற்குச் சான்று. கையற்ற நிலையை அவசரமாகத் தேற்றாமல் அதிலேயே நின்று பேசும் துறை அது. வேதமும் தமிழும் ஒருங்கே அளிக்கும் இவ்வளத்தைத் தினதியானம் மிக அரிதாகவே கையாளுகிறது. துயரம் முதல் பத்தியில் வந்தால் மூன்றாம் பத்தியில் அது தீர்ந்துவிட வேண்டும் என்னும் எழுதப்படாத விதி அதனை ஆள்கிறது. ஒரு பக்கத்துக்குள் தீராத துயரமுடைய வாசகர், தம் விசுவாசமே குறைவுபட்டது என்று கருதும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். இவ்வகையின் மிகப் பெரிய தீங்கு இதுவேயாகும்.

முடிவுரை

தினதியானத்தைச் செய்யுளுக்கோ இறையியல் உரைக்கோ உரிய அளவுகோலால் அளப்பது முறையன்று. அதன் பெயரே அதற்குப் போதிய அளவுகோல். அவ்வளவுகோல் மூன்று வினாக்களை எழுப்புகிறது: வேதப்பகுதி அதன் முன்பின் வசனங்களோடு வருகிறதா? செபத்தில் அயலார் இடம்பெறுகின்றனரா? தீராத துயரத்தைத் தீராததாகவே சொல்ல அப்பக்கம் துணிகிறதா? இம்மூன்றுக்கும் ஆம் என்னும் விடை தரும் பக்கம், நடையில் எளிதாயினும் தன் பெயருக்குத் தகுதியுடையது. சதுரங்கப்பட்டினத்துப் பண்டகசாலைகள் வெறுமையாகி நெடுங்காலமாயிற்று. மதிலுக்கு வெளியே படகுகள் இன்றும் அன்றாடப் பாட்டுக்காகவே கடலில் இறங்குகின்றன. அவ்வாறு இறங்குபவர் தம் செபமாகவே சொல்லத்தக்க பக்கங்களைத் தமிழ்த் தினதியானம் இன்னும் மிகுதியாக எழுதவேண்டியுள்ளது.