சக தீண்டத்தகாதவர்: மார்ட்டின் லூதர் கிங்கின் இந்தியப் பயணப் பதிவுகள்

முன்னுரை

ஆற்றுப்படை நூல்களில் வழியிடைச் சந்திப்பு இருவர்க்கிடையே நிகழினும், அச்சந்திப்பை நிறைத்து நிற்பவை வள்ளலின் நாடும் ஆட்சியும் புகழுமே ஆகும். வழிச்செல்வோரை அவர்தம் நாட்டைக் கொண்டு அறியும் இவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகக் கூறும் வேங்கடத்தைச் சார்ந்த நிலப்பகுதியில், சத்தியவேட்டை அடுத்து ஸ்ரீ சிட்டி தொழில் நகரம் அமைந்துள்ளது. அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளின் நிறுவனங்கள் அங்கு இயங்குகின்றன. அங்கு வரும் அமெரிக்கரிடம் அவருடைய ஊரைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே அவர் நாட்டுத் தேர்தலைப் பற்றிக் கேட்டுவிடுகிறோம். இவ்வாறு நாட்டரசியல் முந்திக்கொள்ளும் சந்திப்பில் மனிதர் மறைந்துவிடுகிறாரா என்னும் வினாவை, மார்ட்டின் லூதர் கிங்கின் இந்தியப் பயணப் பதிவுகள் இரண்டின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

முதற் பதிவு

கிங் 1959ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தம் துணைவியார் கொரெட்டாவுடனும் வரலாற்றாசிரியர் லாரன்ஸ் ரெடிக்குடனும் இந்தியாவில் பயணம் செய்தார். தில்லியில் நேருவைச் சந்தித்த அவர், சென்னை, காந்திகிராமம், மதுரை வழியாகத் திருவனந்தபுரத்திற்கும் கன்னியாகுமரிக்கும் சென்றார். அவ்வாண்டு ஜூலை மாத எபனி இதழில் இப்பயணம் பற்றிய அவரது கட்டுரை வெளிவந்தது.

மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பை (1955-56) இந்திய நாளேடுகள் தொடர்ந்து வெளியிட்டிருந்தமையால், மக்கள் அவரை முன்பே அறிந்திருந்தனர். தம் தோல்நிறம் இங்கு உறவுக்குத் துணையாயிற்று என்று அவர் எழுதுகிறார். தீண்டாமை தவறென இந்தியத் தலைவர்கள் வெளிப்படையாகக் கூறுவதையும், நிறவேற்றுமை குறித்து அமெரிக்க உயர் அதிகாரிகள் சிலர் அறத்தீர்ப்புக் கூறத் தயங்குவதையும் ஒப்பிட்டு, இந்தியாவைப் பாராட்டுகிறார். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இல் நிறைவேறியிருந்த காலம் அது. காந்தி நினைவு நிதியின் விருந்தினராக வந்தவர் என்பதையும் கருதினால், அவர் கண்ட இந்தியா பெரிதும் விருந்தோம்பியவர் காட்டிய இந்தியாவே எனலாம்.

இரண்டாம் பதிவு

1965 ஜூலை 4ஆம் நாள், அமெரிக்க விடுதலை நாளன்று, அட்லாண்டாவின் எபனேசர் திருச்சபையில் ஆற்றிய உரையில் கிங் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். திருவனந்தபுரத்தில் தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களின் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் பயின்ற பள்ளி ஒன்றில், அதன் தலைவர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங் முதலில் திடுக்கிட்டார். சற்றுச் சினமும் கொண்டார். பின்னர், வறுமையிலும் ஒதுக்கலிலும் வாழும் தம் மக்கள் 2 கோடிப் பேரை எண்ணி, அச்சொல் தமக்குப் பொருந்துவதை ஏற்றார்.

எபனி கட்டுரையில் இந்நிகழ்ச்சி இடம்பெறவில்லை. இடைப்பட்ட ஆறாண்டுகளில் அவர் நோபல் பரிசு பெற்றார். குடியுரிமைச் சட்டமும் (1964) நிறைவேறியது. சட்டம் வந்த பின்னும் ஒதுக்கல் நீங்காமையைக் கண்ட பிறகே அச்சொல்லின் முழுப்பொருள் அவருக்குப் புலப்பட்டிருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

சொல்லின் இருமுனை

இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுவோர் பலரும் அதனை அமெரிக்க நிறவெறிக்கான சான்றாக மட்டுமே கொள்வர். அவ்வாறு கொள்வது பாதி வாசிப்பே ஆகும். ‘சக’ என்னும் அடை விருந்தினரை மட்டுமன்றி, அவையில் அமர்ந்திருந்த பிள்ளைகளையும் சுட்டுகிறது. தீண்டாமை ஒழிக்கப்பட்டதாக அரசமைப்பின் 17ஆம் பிரிவு அறிவித்து ஒன்பதாண்டுகள் கடந்த பின்னும், தம் மாணவர்க்கு அப்பெயர் பொருந்துவதாகவே பள்ளித் தலைவர் கருதினார். எனவே, அந்த அறிமுகம் எபனி கட்டுரை பாராட்டிய இந்தியாவையும் ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. விருந்தினர் நாட்டைக் குறை கூறி நம் நாட்டை உயர்த்திக்கொள்ள அச்சொல் இடம் தரவில்லை. 1946இல் அம்பேத்கர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதித் தொடங்கிய உரையாடலின் தொடர்ச்சியாகவும் இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

நாட்டரசியல் சந்திப்பில் நுழைவதைத் தவிர்க்க இயலாது, தவிர்க்கவும் வேண்டுவதில்லை. அந்நியரின் நாட்டைப் பற்றிக் கேட்கும் வினா நம் நாட்டையும் நோக்கித் திரும்பும்போதே இருவரும் மனிதராகச் சந்திக்கின்றனர் என்பது இப்பதிவுகளால் பெறப்படும் உண்மையாகும். பல நாட்டினரும் வந்து செல்லும் வேங்கட எல்லையில் வாழ்வோர்க்கு இவ்வுண்மை இன்றும் தேவைப்படுகிறது.