கடன் வாங்கிய வாக்குகள்

தீவிர வலதுசாரிக் கட்சிகள் ஏன் வெல்கின்றன என்று கேட்டால் குடியேற்றம், வேலையின்மை, தலைவரின் நாவன்மை என்று உடனே ஒரு பட்டியல் வரும். பிரான்சின் நாற்பதாண்டுத் தேர்தல் கணக்கைப் புரட்டினால், தேர்தல் விதிக்கும் எதிரிகளின் நடத்தைக்கும் அவற்றுக்குக் குறையாத பங்கு இருப்பது தெரியும். அதிபர் மித்தரான் கொண்டுவந்த விகிதாசார முறையில் 1986இல் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ழான்-மரி லெப்பென்னின் தேசிய முன்னணி ஏறத்தாழ 10 விழுக்காடு வாக்குடன் 35 இடங்களைப் பிடித்தது. 1988இல் பழைய இரண்டு சுற்று முறை திரும்பியது. வாக்கு அதே அளவுதான், கிடைத்ததோ ஒரே இடம்.

இரண்டு சுற்று முறையோடு ‘குடியரசு முன்னணி’ என்ற எழுதாத உடன்பாடும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் சுற்றில் மும்முனைப் போட்டி வந்தால், பின்தங்கியவர் விலகி, நேற்றுவரை திட்டித் தீர்த்த எதிரிக்கே வாக்களிக்கச் சொல்வார். 2015 மாநிலத் தேர்தலின் முதல் சுற்றில் 13 மாநிலங்களில் ஆறில் முந்திய தேசிய முன்னணி, இறுதியில் ஒன்றைக்கூடப் பெறவில்லை. 2024 ஜூன் 30 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றில் ழான்-மரியின் மகள் மரீன் லெப்பென்னின் கட்சி, தேசியப் பேரணி என்ற புதிய பெயரில், கூட்டாளிகளோடு மூன்றில் ஒரு பங்கு வாக்கைப் பெற்று முதலிடத்தில் நின்றது. அடுத்த இரண்டு நாளில் இடதுசாரிகளும் அதிபர் மக்ரோன் அணியினருமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் போட்டியிலிருந்து விலகினர். 577 இடங்களில் தேசியப் பேரணி அணிக்குக் கிடைத்தவை சுமார் 140 மட்டுமே. ஆட்சிக்கு வந்துவிடும் என்று பலரும் எண்ணிய அணி மூன்றாம் இடத்துக்குப் போனது.

இதை வெறும் பதவிச் சூழ்ச்சி என்று தள்ளுவது நியாயமில்லை. தன் கட்சிக்காரரைக் களத்திலிருந்து இறக்குவது எந்த அரசியல்வாதிக்கும் எளிதல்ல. இடதுசாரித் தொழிலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு வலதுசாரிக்கு வாக்களித்ததில் உண்மையான தியாகம் இருந்தது.

ஆனால் அந்த வாக்கு கடன். வாங்கியவர்கள் அதைச் சொந்தச் சம்பாத்தியமாகக் கருதியதில்தான் கோளாறு தொடங்குகிறது. 2002 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் அப்போதைய வலதுசாரி அதிபர் சிராக் பெற்றது 20 விழுக்காட்டுக்கும் குறைவு. ழான்-மரி லெப்பென் இரண்டாமிடத்துக்கு வந்துவிட்டதால் அடுத்த சுற்றில் அது 82 ஆனது. வீதியில் இறங்கிப் போராடிய இடதுசாரிகள் தந்ததும் அதில் அடக்கம். சிராக் அமைத்ததோ முழுக்க வலதுசாரி அரசு. 2022 அதிபர் தேர்தலில் வென்ற இரவு, பலர் தன் கொள்கைக்காக அல்ல, தீவிர வலதைத் தடுக்கவே வாக்களித்தார்கள் என்று மக்ரோன் வாயாரச் சொன்னார். மறு ஆண்டே ஓய்வு வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தும் சட்டத்தை, இறுதி வாக்கெடுப்பு இல்லாமலே கீழவையில் நிறைவேற்றினார். ‘எல்லாரும் ஒரே கூட்டம்’ என்ற லெப்பென் குடும்பத்தின் பழைய பல்லவிக்கு இதைவிட நல்ல பக்கவாத்தியம் யார் வாசிக்க முடியும்? 2002இன் இரண்டாம் சுற்றில் தந்தைக்கு விழுந்தவை 55 லட்சம் வாக்குகள். 2022இல் மகளுக்கு 1.3 கோடிக்கும் மேல். தந்தையைக் கட்சியை விட்டே நீக்கி, பெயரை மாற்றி, பேச்சை மழித்து வழவழப்பாக்கிய அவரது உழைப்பும் இதில் உண்டுதான். என்றாலும் எதிரிகள் செய்த உபகாரம் அதைவிடப் பெரிது என்பேன்.

வடக்கே எனான்-போமோன் என்ற பழைய நிலக்கரி ஊருக்குப் போனால் இன்னொரு குறை தெரியும். சுரங்கங்கள் மூடப்பட்ட ஊர் அது. சோஷலிஸ்ட் மேயர் ஊழல் வழக்கில் சிக்கிப் பதவியிழந்தார். உள்ளூரிலேயே பல ஆண்டுகள் வேரூன்றி வேலை செய்த தேசிய முன்னணியின் ஸ்தீவ் பிரியுவா 2014இல் முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாக்கு வாங்கி மேயரானார். 2020இலும் முதல் சுற்றிலேயே வென்றார், முன்னைவிடக் கூடுதல் வாக்குடன். யாரும் யாருக்காகவும் விலக வேண்டிய கட்டமே அங்கே வரவில்லை. எதிர்ப்பு ஓட்டைப் பிரியாமல் காக்க மட்டுமே தெரிந்த ஏற்பாடு, பாதியைத் தாண்டியவர் முன் கையாலாகாமல் நிற்கிறது.

அப்படியானால் உள்ளே விட்டுப் பார்க்கலாமே என்பவர்கள் ஆஸ்திரியாவைக் காட்டுவார்கள். 1999இல் ஏறத்தாழ 27 விழுக்காடு பெற்ற அந்நாட்டுத் தீவிர வலதுசாரி சுதந்திரக் கட்சி, கூட்டணி அரசில் சேர்ந்து உட்பூசலில் சிதறி, 2002இல் 10க்குச் சரிந்தது உண்மை. 2024இல் அதே கட்சி ஏறத்தாழ 29 விழுக்காட்டுடன் முதலிடத்தில் வந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதவி அதன் சாயத்தை வெளுக்க வைத்தது. அதன் வாக்காளரின் மனக்குறை எங்கும் போய்விடவில்லை.

ஆகவே பிரெஞ்சு ஏற்பாடு பயனற்றது என்று சொல்ல மாட்டேன். அது அவகாசம் வாங்கித் தந்தது, ஒருமுறையல்ல, பலமுறை. அந்த அவகாசத்தில் எனான்-போமோன் போன்ற ஊர்களுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. 2024 ஜூலையில் தடுத்து நிறுத்தியதன் ஆயுளும் நீளவில்லை. பெரும்பான்மை யாருக்கும் இல்லாத அவையில் பிரதமர் பார்னியே, லெப்பென் அணி கவிழ்க்காமல் விட்டுவைத்ததால்தான் பதவியில் நீடித்தார். டிசம்பர் 4 அன்று இடதுசாரிகளின் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு அந்த அணி கை தூக்கியது. அமைச்சரவையில் ஒரு நாற்காலிகூட இல்லாமலே, மூன்றே மாத வயதான அரசை அது வீட்டுக்கு அனுப்பிவைத்தது.