மூன்று கால்களின் நிதானம்

வீடியோ எடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது கேமராவையும் லென்ஸையும்தான். டிரைபாடை முதலில் பாருங்கள் என்பேன் நான். அதிலும் ஃப்ளூயிட் ஹெட் பொருத்தியதை.

கேமராவைத் தாங்கும் அந்த ஹெட்டுக்குள் கெட்டியான திரவம் இருக்கிறது. கைப்பிடியைத் தள்ளினால், விளக்கெண்ணெயில் கரண்டியைச் சுழற்றுவதுபோல இதமான எதிர்ப்பு கிடைக்கும். கையின் சின்ன நடுக்கங்கள் அதிலேயே அடங்கிவிடும். ஓடும் நீராவி ரயில்களைப் பிசிறில்லாமல் படமெடுக்க ஆசைப்பட்ட அமெரிக்கப் பொறியாளர் சாட்வெல் ஓ'கானர் இப்படியொரு ஹெட்டைத் தனக்காகவே செய்துகொண்டார். வால்ட் டிஸ்னி அதைக் கண்டு விரும்பினார். 1975ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருதும் ஓ'கானருக்குக் கிடைத்தது. ரயில்மீது கொண்ட பிரியம் அவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது!

டிரைபாடின் கால்களை விரிக்கும்போது தடித்த மேல்பகுதியை முதலில் நீட்டுங்கள். ஒரு கால் லென்ஸுக்கு நேர்கீழே வரட்டும். நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்காவிட்டால், கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி பேன் செய்யும்போது தொடுவானம் சரியும்.

பேன் செய்வதில்தான் எனக்குத் தனி மயக்கம். நகர்வு முடியும் திசையை நோக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் முறுக்கி ஆரம்ப இடத்துக்குத் திரும்பிக்கொள்ள வேண்டும். சில நொடிகள் அசையாமல் பதிவு செய்துவிட்டு நகர்த்தினால், உடம்பு முறுக்கவிழ்ந்து இயல்பு நிலைக்கு வரும்போது ஷாட்டும் தானாக அமைதியடையும். முடிவிலும் அதேபோல் சில நொடிகள் நிறுத்துங்கள்; எடிட்டருக்கு வெட்ட இடம் வேண்டும்.