கரைசலில் கோர்த்த தங்கம்

திருவனந்தபுரத்தில் கரமனைப் பாலத்தைத் தாண்டி நாகர்கோவில் சாலையில் சிறிது தூரம் போனால் பாப்பனங்கோடு வரும். அங்குள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வுக்கூடத்துக்கு 2007 முதல் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்று பெயர். அதற்கு முன்பு அது மண்டல ஆய்வுக்கூடம். அந்தப் பழைய பெயரில் இயங்கிய காலத்தில், 2004-இல், கே. ஜார்ஜ் தாமஸும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத்துப் பிரசாந்த் காமத்துடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தங்க நானோகோல்களைக் கரைசலுக்குள்ளேயே நுனியோடு நுனி சேர்த்துச் சங்கிலியாகக் கோர்க்கலாம் என்பது அதன் சாரம். உலோக நானோதுகள்களைத் திரட்டும் கலையில் நம் மண்ணில் நடந்த மிக நல்ல வேலைகளில் ஒன்று என்றே அதை நான் கருதுகிறேன். இந்தக் கலையின் பலம், பலவீனம் இரண்டையும் எடைபோட அதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது.

முதலில் நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 13 நானோமீட்டர் விட்டமுள்ள தங்க உருண்டைகள் நீரில் மிதந்தால் அந்த நீர் ரத்தச் சிவப்பாக இருக்கும். துகளில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளியின் தாளத்துக்கு ஒன்றாக ஊசலாடி, 520 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டிய பச்சை ஒளியை உறிஞ்சிவிடுவதே காரணம். இரண்டு துகள்கள் மிக நெருங்கினால் ஒன்றின் ஊசலாட்டம் மற்றதைத் தொடும்; உறிஞ்சல் நீண்ட அலைநீளத்துக்கு நகரும்; சிவப்பு நீலமாகும். உப்புச் சேர்த்தால் இந்த மாற்றம் நிகழ்வதை மைக்கேல் ஃபாரடே 1857-லேயே எழுதிவைத்தார். இடைவெளி துகளின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடினாலே இந்தப் பிணைப்பின் விளைவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒரு நானோமீட்டர் நகர்வைக்கூட நிறமாகக் காட்டும் அளவுகோல் இது. கோர்க்கும் கலைக்கு இவ்வளவு ஈர்ப்பு வந்ததற்கு வேரே இதுதான்.

உருண்டைக்கு எல்லாப் பக்கமும் ஒன்று. எதை எங்கே ஒட்டுவது என்று அதனிடம் சொல்ல வழியில்லை. கோலுக்கு நுனியும் உடலும் தனித்தனி. வளர்க்கும்போது சேர்க்கும் சி.டி.ஏ.பி. என்ற சோப்பு வகைப் பொருள் கோலின் பக்கங்களில் இரட்டை அடுக்காக இறுகப் படிந்துவிடும். வளைந்த நுனிகளில் அது தளர்வாகவே இருக்கும். இரு முனைகளிலும் கந்தகக் கைகொண்ட டைதயால் மூலக்கூற்றைச் சேர்த்தால், அது காவல் குறைந்த நுனியைப் பற்றும். மிஞ்சிய கை அடுத்த கோலைத் தேடும். பாப்பனங்கோட்டுக் குழு பின்னர் கையாண்ட வழி இது. கோலின் நீள்திசைக்குரிய உறிஞ்சல் பட்டை தாழ்ந்துகொண்டே வர, அகச்சிவப்புப் பக்கம் புதிய பட்டை ஒன்று எழுந்தது. கோல்கள் பக்கவாட்டில் அடுக்கப்பட்டிருந்தால் பட்டை எதிர்ப்பக்கம், குறைந்த அலைநீளத்துக்கு நகர்ந்திருக்கும். அதனால் நிறமாலையை வைத்தே, நுண்ணோக்கி இல்லாமலே, எந்த வகைக் கோர்ப்பு என்று சொல்ல முடிந்தது. இதை எத்தனை பாராட்டினாலும் தகும். கண்ணுக்கு எட்டாத ஒரு பொருளின் எந்த இடத்தைத் தொடுவது என்பதை வேதியியலால் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

2006-இல் இதே குழு அந்தக் கோர்ப்பு எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தது. குறிப்பிட்ட செறிவுக்குக் கீழே டைதயாலைச் சேர்த்தால் எதுவும் நடப்பதில்லை. அதற்கு மேலே போனால் முதலில் ஒரு காத்திருப்புக் கட்டம், பிறகு இரட்டை, பிறகு சங்கிலி. நேர்மையான ஆய்வு இது, ஏனென்றால் தன் முறையின் எல்லையைத் தானே காட்டிக்கொடுக்கிறது. இரட்டையாகச் சேர்ந்த கோலுக்கும் இரண்டு வெற்று நுனிகள் மிச்சமுண்டு. தனிக் கோலின் நுனிக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு ஆசை அவற்றுக்கும் உண்டு. எனவே இரட்டையோடு நின்றுகொள் என்று கரைசலுக்குக் கட்டளையிட முடியாது. உறை ஊற்றிய பாலைப் பாதித் தயிராக நிறுத்திவைப்பது போன்ற காரியம் அது. 2008-இல் அதே குழுவின் பிரமோதும் தாமஸும் நானோகோல் இரட்டைகளின் பிளாஸ்மான் பிணைப்பை, அதாவது எலக்ட்ரான் ஊசலாட்டங்களின் பிணைப்பை, மட்டுமே தனியாக எடுத்து ஆராய்ந்ததிலிருந்து, அந்த எளிய அலகு எவ்வளவு தேவைப்பட்டது என்று புரியும்.

இந்தத் துறையின் முதல் குறை இங்கே இருக்கிறது. ஒரு மில்லிகிராம் தங்கத்தில் 13 நானோமீட்டர் உருண்டைகள் ஏறத்தாழ 45 இலட்சம் கோடி தேறும். அவ்வளவும் ஒரே வடிவத்தில் சேரும் என்று எந்த வேதியியலும் உறுதி தராது. கிடைப்பது தனித்துகள், இரட்டை, மூன்று, கொத்து, அடியில் படிந்த கருமண் எல்லாம் கலந்த கூட்டம். நிறமாலை அந்தக் கூட்டத்தின் சராசரியைக் காட்டுகிறது. கட்டுரையோ பெரும்பாலும் அதில் அழகாக அமைந்த ஒன்றின் படத்தைக் காட்டுகிறது. 1996-இல் ஒரே நேச்சர் இதழில் சாட் மிர்கின் குழுவும் பால் அலிவிசாட்டோஸ் குழுவும் டி.என்.ஏ. இழைகளால் தங்கத் துகள்களைக் கோர்த்தது இதற்கு ஓரளவு விடை: எந்த இழை எதனோடு சேரும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம், சூடாக்கினால் பிரிக்கவும் செய்யலாம். ஆனால் அங்கும் தூய இரட்டைகள் வேண்டுமானால் மின்புலத்தால் ஜெல்லில் ஓட்டிப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. விலையும் உழைப்பும் ஏறிவிடுகின்றன.

இரண்டாவது குறை இன்னும் அடிப்படையானது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு ஒரு துளிக் கரைசலை வலைத்தட்டில் வைத்து உலர்த்துகிறார்கள். உலரும் நீரின் இழுவிசை, கரைசலில் தனித்தனியாக இருந்த துகள்களையும் நெருக்கித் தள்ளி வரிசையாக்கிவிடும். அப்படிப் பிறந்த வரிசையைக் கரைசலில் நடந்த கோர்ப்பு என்று படித்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. நிறமாலையை முதற்சாட்சியாக வைத்ததால் தாமஸ் குழுவின் வேலை இந்தப் பழிக்கு ஆளாகவில்லை. கரைசல் நிலையையே காட்டும் உறைநிலை நுண்ணோக்கியோ சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறலோ இல்லாமல் உலர்ந்த படத்தை மட்டும் நீட்டும் கட்டுரைகளை ஏற்கக் கூடாது என்பது என் கட்சி.

பயன்பாட்டுப் பக்கம் வந்தால் வாக்குறுதிகள் இன்னும் பெரிதாகின்றன. 2005-இல் சுதீப், ஷிபு ஜோசப், தாமஸ் மூவரும் சிஸ்டைன், குளுட்டாதயோன் ஆகிய இரண்டும் நானோகோல்களை நுனியில் இணைப்பதைக் கொண்டு, அவற்றை மைக்ரோமோலார் அளவில் இனங்காணலாம் என்று காட்டினார்கள். அருமையான சிந்தனை. கந்தகம் ஒரு கோலைப் பற்ற, அமினோ, அமில முனைகள் எதிர்க்கோலில் உள்ள துணையோடு மின்கவர்ச்சியால் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் இந்தக் கோர்ப்புகள் அசிட்டோநைட்ரைல் கலந்த நீரில் செய்யப்பட்டவை. இந்தச் சோதனை உண்மையில் தேவைப்படும் ரத்தத்திலோ உப்பும் புரதமும் மண்டிக்கிடக்கின்றன: உப்பு கேளாமலே திரட்டும், புரதம் துகளைப் போர்த்தித் திரளவிடாமல் தடுக்கும். நிறம் மாறினாலும் மாறாவிட்டாலும் காரணம் வேறாக இருக்கலாம்.

கேரளத்துக்கு இன்னும் வலிக்கும் உதாரணம் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லி. 2003-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப்பின் குழு, தங்க நானோதுகள்கள் எண்டோசல்பானைப் பற்றிக்கொண்டு நிறம் மாறுவதையும், நெடுநேரம் விட்டால் படிந்துவிடுவதையும் பதிவு செய்தது. கண்டறிந்த அளவு பத்து லட்சத்தில் சில பங்கு. இந்தியக் குடிநீர்த் தரத்தில் எண்டோசல்பானுக்கு அனுமதி லிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம். இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான மடங்கு. அது தெளிக்கப்பட்ட காசர்கோட்டில் கிணறு ஒன்றில் வரம்பைப் பலமடங்கு மீறி விஷம் இருந்தாலும் அந்தச் சிவப்புக் கரைசல் சிவப்பாகவே இருந்திருக்கும். அதே ஆய்வில் அலுமினா மீது துகள்களைப் பதித்து எண்டோசல்பானை நீரிலிருந்து வடிகட்டி நீக்கும் வழியும் இருந்தது. கண்டுபிடிப்பதைவிட நீக்குவதில்தான் அதன் மதிப்பு அதிகம்.

ஆகவே என் மதிப்பீடு இது. துகள்களுக்கு இடையிலான விசைகளையும் இடைவெளியையும் புரிந்துகொள்ளும் கருவியாகக் கரைசல் கோர்ப்பு முதல் தரம். இரு நுனிகளுக்கு இடையே ஒளியின் மின்புலம் குவிவதால் ராமன் சிதறலைப் பெருக்கும் ஆய்வுக்கும் அது நல்ல அடித்தளம். எதை வேண்டுமானாலும் நிறத்தால் காட்டிக்கொடுக்கும் சோதனை முறையாக அது இன்னும் தேறவில்லை.

கோர்ப்பை வெளியிடும் ஒவ்வொரு கட்டுரையிலும் இரட்டை எத்தனை விழுக்காடு, கொத்து எத்தனை விழுக்காடு என்ற கணக்கு இருக்கட்டும். நீரில் எதையேனும் கண்டறிகிறோம் என்று சொல்பவர்கள், ஆய்வகத்தின் வடிநீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். பாப்பனங்கோட்டுக்கு மிக அருகிலேயே கரமனை ஆறு ஓடுகிறது. அருவிக்கரையில் தேக்கி நகரத்துக்குக் குடிநீராகத் தருகிற அதே ஆறு, நகரத்தின் ஓரத்தைத் தாண்டும்போது மாசடைந்த ஆற்றுப் பகுதியாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2018 பட்டியலில் இடம்பெற்றது. அருவிக்கரையில் ஒரு குப்பி, ஆற்றின் கீழ்ப்பகுதியில் திருவல்லத்தில் ஒரு குப்பி என்று நீர் எடுத்து, அதில் உங்கள் நிறச் சோதனையைச் செய்து காட்டுங்கள்; முடிவு தவறினாலும் அதையும் வெளியிடுங்கள்.