பலஸ்தீனக் கவிதையும் யாழ்ப்பாணத்து வாசகரும்

அரபு இலக்கியம் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவோர் அலாவுதீனும் அலிபாபாவுமே. இவ்விருவர் கதைகளும் ஆயிரத்தோரிரவுகளின் பழைய அரபுப் பிரதிகளில் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அலெப்போ நகரத்தவர் ஒருவர் சொல்லக் கேட்டு, பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளரான கலான் சேர்த்தவை அவை. பாரிசு வழியாக வந்த சித்திரத்தையே நாம் அரபுலகம் என்று கொண்டோம்; 1956இல் அதனைத் தமிழ்த் திரையிலும் கண்டு களித்தோம்.

இச்சித்திரத்துக்கு முற்றிலும் மாறான அரபு மனிதனைத் தமிழில் நிறுத்தியது எம்.ஏ. நுஃமான் 1981இல் வெளியிட்ட ‘பலஸ்தீனக் கவிதைகள்’. கல்முனைப் பகுதியைச் சேர்ந்த அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்பித்தவர். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. அத்தகைய சூழலில் இக்கவிதைகள் அயலாரின் துயரமாக வாசிக்கப்பட்டிருக்க இயலாது.

எனினும், இவையும் ஆங்கிலத்தின் வழியே வந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது. தர்வீஷ் அரபின் சீர்களை விட்டுவிடாமல், அவற்றை நீட்டியும் குறுக்கியும் எழுதியவர். அவ்வோசை ஆங்கிலத்திலேயே உதிர்ந்துவிட்டது. சொல்லின் நிலையும் நோக்கத்தக்கது. 1964இல் வெளிவந்த அவரது ‘அடையாள அட்டை’ ஓர் அதிகாரியை நோக்கிய ஏவல் வினையுடன் தொடங்குகிறது. அரபின் முன்னிலை ஒருமையில் நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடு இல்லை. தமிழிலோ அதனைத் தவிர்க்க வழியில்லை. ‘பதிவு செய்’ எனில் எதிர்ப்பு. ‘பதிவு செய்யுங்கள்’ எனில் பணிவு. சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டி, “ஐயா, பாருங்கோ” என்று நின்ற ஊர் நம்முடையது. ஆகவே ‘செய்’ என்னும் ஒருமை, மூலத்தில் இல்லாத ஒரு துணிவைத் தமிழுக்கு ஈந்துவிடுகின்றது. இதனைக் குறையென்று தள்ள நான் துணியேன். ஆயினும் மொழிபெயர்ப்பு பற்றிய நமது பேச்சில் இத்தகைய வினாக்கள் எழுவது அரிது. உள்ளடக்கத்தை மெச்சுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம்.

இதனினும் கடினமான வினா வாசகரைப் பற்றியது. அட்டையை நீட்டுபவனின் பக்கத்திலேயே நாம் எப்போதும் நிற்கிறோம். கேட்பவனின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பதில்லை. 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றினர். வீடிழந்த பலஸ்தீனனுக்காக நெகிழ்ந்த வாசகர் சமூகம் தன் அயலவர் வீடிழந்தபோது அக்கவிதைகளை நினைத்ததா? அச்சம் பலரது வாயை அடைத்திருந்தது உண்மை. அன்று பிறந்திராத என் தலைமுறையினர்க்கு அக்காரணம் பொருந்தாது. ஆயினும் இன்றும் தர்வீஷ் பற்றி எழுதும் நம்மவர், சோனகத் தெருவைத் தம் கட்டுரைக்குள் கொண்டுவருவது அரிதாகவே உள்ளது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் மரபுக்கு உரிய சமூகத்தவர், மூலமொழியின் எழுத்தை நம்மருகே இருந்து ஓதியவர்கள், வாழ்ந்த தெரு அது.