படத்தில் விடுபட்ட மூன்றாம் பங்காளி

மீன் தொட்டி பற்றிய நூல்களில் பெரும்பாலும் ஒரு படம் இருக்கும். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது. செடி விடும் ஆக்சிஜனை மீன் சுவாசிக்கிறது. இரண்டு அம்புக்குறிகள், கீழே 'சமநிலை மீன் தொட்டி' என்ற பெயர். இந்தப் படம் பொய்யல்ல, ஆனால் அரைகுறையானது. இதை மட்டும் நம்பித் தொட்டி வைப்பவர் முதல் மாதத்திலேயே மீன்களைப் பறிகொடுக்க நேரிடும்.

இக்கருத்தை 1850-ல் ஆய்வு முறையில் விளக்கியவர் லண்டன் வேதியியலார் ராபர்ட் வாரிங்டன். தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா செடியையும் ஒரே தொட்டியில் வளர்த்தார். அழுகிய இலைகளால் நீர் கலங்கவே, அவற்றைத் தின்ன நத்தைகளை விட்டார். நீர் தெளிந்தது. ஆனால் நத்தையும் கழிவை வெளியேற்றும் அல்லவா? அந்தக் கழிவு எங்கே போயிற்று? படம் விடை சொல்வதில்லை.

மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. இது மீனுக்கே நஞ்சு. நீரின் காரத்தன்மை கூடக் கூட நஞ்சின் வேகமும் கூடும். 25 டிகிரி வெப்பநிலையில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 0.6 விழுக்காடே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது 5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். செடிகள் ஓரளவு உறிஞ்சும். மீதியை அகற்றுபவை மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. அதுவும் நஞ்சுதான், மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். மற்றொரு வகை அதை, கேடு மிகக் குறைந்த நைட்ரேட்டாக்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1877-ல் பிரான்சு நாட்டின் ஷ்லோசிங், மூன்ட்ஸ் இருவரும் கழிவுநீரை மணல் வழியே செலுத்தி, இம்மாற்றம் உயிரிகளின் வேலை என்று காட்டினர். அது இரு படிகளில் நடப்பதை இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட்டில் ஆராய்ந்து காட்டியவர் நம் வாரிங்டனின் மகன்! அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டனே. தந்தையின் படத்தில் விடுபட்டதை மகன் கண்டுபிடித்தார். நூறாண்டுக்கு மேலாகியும் படம் மட்டும் திருந்தவில்லை.

இதனால் நட்டம் யாருக்கு? எங்கள் வைத்திக்குப்பம் மீனவர் ஊர். கடல் மீனின் குணமெல்லாம் அறிந்த வீட்டிலும், கண்ணாடித் தொட்டி மீன் செத்தால் 'ராசியில்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். நடப்பது என்ன? வாரந்தோறும் நீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கல்லையும் வடிகட்டிப் பஞ்சையும் குளோரின் கலந்த குழாய்நீரில் தேய்த்துக் கழுவுகிறோம். சுத்தம் என்ற பெயரில் துப்புரவுப் பணியாளரையே விரட்டிவிடுகிறோம்!

வடிகட்டி அழுக்கைத் தடுக்கும் சல்லடை மட்டுமன்று, பாக்டீரியாக்களின் குடியிருப்பு. ஒரு செ.மீ. கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே ஒரு மி.மீ. கனசதுரங்களாக வெட்டினால் பரப்பு 60 ஆகிறது. பஞ்சும் மணலும் பயன்படுவது இதனால்தான். அக்குடிகளுக்கும் ஆக்சிஜன் தேவை. வெயில் காலத்தில் நீரில் கரையும் ஆக்சிஜன் குறைவதால் காற்றுக்குழாயை நிறுத்தக் கூடாது.

பழைய கையேடுகள் இரண்டாம் படிக்கு நைட்ரோபாக்டரைச் சொல்லும். நன்னீர்த் தொட்டிகளில் அப்பணியைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-ல் தெரிந்தது. இரு படிகளையும் ஒன்றே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்களும் உண்டென 2015-ல் அறிந்தோம். நூல்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புதுத் தொட்டியில் இக்குடிகள் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஓரிரு மீன்களும் குறைந்த உணவும் போதும். நண்பரின் பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி கூழாங்கல் வாங்கிப் போடுங்கள். நீரில் கால் பங்கை மட்டும் மாற்றுங்கள். எடுத்த நீரிலேயே பஞ்சை அலசுங்கள். அடுத்த முறை அந்தப் படத்தை வரையும்போது, மணலில் சில புள்ளிகளையும் மூன்றாவது அம்புக்குறியையும் சேர்த்து வரையுங்கள். ஆசிரியர் கேட்டால் விளக்கம் சொல்ல உங்களுக்குத் தெரியும்.