பச்சையத்தின் நடுக்கல்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் விளிம்பில், சுங்கை ரோட்டை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயின் அருகே கொஞ்சம் நின்று பாருங்கள். ஈரம் படும் கான்கிரீட்டில் கண்ணுக்குக் குளிர்ச்சியாய்ப் பாசி படர்ந்திருக்கும். அந்த மெல்லிய பசுமைக்குள் பச்சைப்பாசி, டயட்டம், நீலப்பச்சை நுண்ணுயிர் எனக் கணக்கற்ற சிற்றுயிர்கள் வெயிலை உணவாக்கிக்கொண்டிருக்கின்றன.

அவற்றின் பச்சையத்தை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். நான்கு நைட்ரஜன் அணுக்கள் வளைத்துப் பிடிக்க, நடுவில் ஒரே ஒரு மக்னீசியம் அணு, மூக்குத்தியில் பதித்த நடுக்கல்லைப் போல அமர்ந்திருக்கிறது. எவ்வளவு நேர்த்தியான பதிப்பு! செம்போ காட்மியமோ பாதரசமோ நீரில் மிகுந்தால், மக்னீசியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். செம்பு ஏறிய பச்சையத்தின் நிறம் மங்குவதே இல்லை. ஒளியைப் பிடித்துக் கைமாற்றும் வேலை மட்டும் நின்றுபோகிறது. உயிர் போன பின்னும் பாசி பச்சையாகவே இருக்கக்கூடும் என்பது நெஞ்சைப் பிசைகிறது.

ஆனாலும் செம்பைப் பகை என்று ஒதுக்க முடியாது. ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரானைச் சுமந்து செல்லும் பிளாஸ்டோசயனின் என்ற நீலப் புரதம் செம்பு இல்லாமல் உருவாகாது. செம்பு கிடைக்காத காலத்தில், சில பாசிகள் இரும்பு கொண்ட வேறொரு புரதத்தை அதே வேலைக்கு அமர்த்துகின்றன. துத்தநாகம் அரிதான கடல்நீரில் ஒரு டயட்டம் நச்சுக் காட்மியத்தையே கருவியாக்கி, கரியமில வாயுவைக் கையாள்கிறது. என்ன சாதுரியம்! நஞ்சு மிகும்போதோ, பாசிகள் கந்தகம் செறிந்த சின்னஞ்சிறு புரத இழைகளை நெய்து, உலோகத்தைக் கட்டி ஒதுக்கி வைக்கின்றன. இந்தக் கைத்திறன் எனக்குத் தெவிட்டுவதே இல்லை. அதற்கும் ஓர் எல்லை உண்டு. உலோகம் மேலும் மேலும் வந்தால் இழைகள் போதாமல் போகும்.

அந்த உலோகம் வரும் வழியை அறிய, இந்தக் கால்வாய் போய்ச் சேரும் நீரின் கதையைப் பார்க்க வேண்டும். 1977-இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டுக் கெடு வைத்து, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் துப்புரவாக்கச் சொன்னார். 1987-இல் அது நிறைவேறியது. 2008-இல் மரினா அணைக்கட்டு எழுந்த பிறகு, தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை மரினா நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேருகிறது. சாலையில் தேயும் டயரின் துத்தநாகத்தையும் பிரேக்கின் செம்பையும் அந்த மழையே அடித்துச் செல்கிறது. ஆகவே, பழைய பேட்டரியையும் மிஞ்சிய பெயிண்டையும் வடிகாலில் போடாதீர்கள். ரோச்சோர் கால்வாயின் தண்ணீரும் நமக்குக் குடிநீர் தரும் அந்த நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது.